சி.பி.சி. அறிக்கையில் யாரும் படிக்காத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைப்பு, நெஞ்சுச்சளி என்று வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நம் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் வரும் பதில்களில் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்று, 'ஸ்டீராய்டு இன்ஹேலர்தானே, பயப்படாமல் இழுங்கள், உடம்பில் சேராது' என்கிறது. மற்றது, 'ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும், கிட்டவே போகாதீர்கள்' என்கிறது. பேச்சு ஆஸ்துமாவைப் பற்றியது என்றால் முதல் குரல் பெரும்பாலும் சரி. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இரண்டுமே அரைகுறை. அந்த நோயில் ஸ்டீராய்டு இன்ஹேலர் யாருக்குப் பலன் தரும், யாருக்குப் பலனின்றி நிமோனியாவை மட்டும் இழுத்து வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல இன்று வழி இருக்கிறது. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், வெளியூருக்கு அனுப்பும் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். நோயாளியின் மஞ்சள் பையில் நாலாக மடித்துக் கிடக்கும் சி.பி.சி. அறிக்கை, அதாவது ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சாதாரண அறிக்கை போதும். அதில் வெள்ளையணுக்களில் ஒரு வகையான 'ஈசினோஃபில்' என்றொரு வரி இருக்கிறது. பெரும்பாலும் அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தவறாகப் படித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மேலே போகுமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே எழுதுவது சி.ஓ.பி.டி.க்கு மட்டும். ஆஸ்துமா உள்ளவர் ரத்த எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆஸ்துமாவில் அதுதான் அடிப்படை மருந்து. அதை விட்டுவிட்டு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை மட்டும் இழுப்பது உயிருக்கே ஆபத்து. இரண்டு நோயையும் 'வீசிங்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது. பிரித்துக் காட்டுவது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை. மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் இழுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து ஊதச் சொல்கிறோம். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றை, மொத்தமாக வெளியேறும் காற்றால் வகுத்தால் விடை 0.70-க்குக் கீழே நின்றால் அது நிலையான அடைப்பு. நாற்பது வயதைக் கடந்தவர், புகைத்தவர் அல்லது விறகடுப்பு முன்னே பல ஆண்டு உட்கார்ந்தவர், படிப்படியாகக் கூடிய மூச்சுத்திணறல், கூடவே இந்த அடைப்பு என்றால் சி.ஓ.பி.டி. என்று நினைக்கலாம். சிறு வயதிலிருந்தே வந்து வந்து போகும் இரைப்பு, அலர்ஜி, மருந்து இழுத்ததும் ஏறக்குறையச் சரியாகிவிடும் மூச்சு என்றால் ஆஸ்துமா பக்கம் போக வேண்டும். இரண்டும் கலந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கட்டாயம்.

ஆஸ்துமாவில் மந்திரம்போல் வேலை செய்யும் மருந்து, சி.ஓ.பி.டி.யில் ஏன் பலரிடம் தோற்கிறது? மூச்சுக்குழலில் எந்த அணு போய் உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது விடை. ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஈசினோஃபில். ஸ்டீராய்டு பட்டதும் அது அடங்கிவிடும். சி.ஓ.பி.டி.யில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. அதற்கு ஸ்டீராய்டு என்றால் பெரிய பயமில்லை. போதாததற்கு, அழற்சி மரபணுக்களின் வாயை அடைக்க ஸ்டீராய்டு பயன்படுத்தும் ஒரு நொதியைப் புகையே செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதனால்தான் பீடி, சிகரெட்டை விடாதவரிடம் இந்த மருந்தின் பலன் இன்னும் மங்குகிறது. ஆனால் சி.ஓ.பி.டி. நோயாளிகளிலும் ஒரு பகுதியினருக்கு ஈசினோஃபில் வகை அழற்சி இருக்கிறது. ரத்தத்தில் அதன் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மூச்சுக்குழலிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பவரிடம் ஸ்டீராய்டுக்குச் செய்ய அதிகம் வேலை இல்லை. மாறாக அங்கே கிருமிகளைத் தடுக்கும் காவலைத் தளர்த்தி, அவை பெருக இடம் கொடுக்கிறது.

இது ஊகம் அல்ல. 2007-இல் வெளியான 'டார்ச்' ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். சால்மெட்டரால் என்ற விரிப்பானும் ஃப்ளூட்டிக்கசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்த கலவையை இழுத்தவர்களில் 19.6 சதவீதம் பேருக்கு நிமோனியா பதிவானது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலிக் குப்பியை இழுத்தவர்களில் அது 12.3 சதவீதம். அதே கலவை நோய் தீவிரமாகும் தாக்குதல்களைக் குறைக்கவும் செய்தது. நன்மையும் தீமையும் ஒரே குப்பியில் இருக்கின்றன என்று மருத்துவ உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான். நன்மை யாருக்கு, தீமை யாருக்கு என்று பிரித்துப் பார்க்க இன்னும் பத்தாண்டு ஆனது. 2018-இல் வந்த 'இம்பேக்ட்' ஆய்வில் 10,355 பேர். ஸ்டீராய்டும் இரண்டு மூச்சுக்குழல் விரிப்பான்களும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவை ஒரு பக்கம், விரிப்பான்கள் இரண்டு மட்டும் இன்னொரு பக்கம். ரத்த ஈசினோஃபில் 150-க்கு மேல் இருந்தவர்களிடம், விரிப்பான்கள் மட்டும் இழுத்தவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1.39 என்றிருந்த தாக்குதல் மூன்று மருந்துக் கலவையில் 0.95 ஆக இருந்தது. 150-க்குக் கீழே இருந்தவர்களிடம் 0.97-க்கும் 0.85-க்கும் இடையிலான சிறிய வித்தியாசம்தான். மருந்து ஒன்றே. பலனைத் தீர்மானித்தது ரத்தத்தின் அந்த ஒரு எண்.

இதையெல்லாம் வைத்து, உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் 'கோல்டு' வழிகாட்டி 2019 முதல் இரண்டு எல்லைக்கோடுகளைச் சொல்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் 300 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பலமான ஆதரவு. 100-க்குக் கீழே என்றால் வேண்டாம் என்ற பக்கம். இடையில் இருப்பவர்களுக்கு மற்றவற்றையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டும். இந்த எண் தனியாக நின்று எதையும் தீர்மானிக்காது. எண்ணோடு தாக்குதல்களின் கணக்கு சேர வேண்டும். சென்ற 12 மாதங்களில் ஆன்டிபயாட்டிக் அல்லது ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட அளவுக்கு இரண்டு முறையாவது நோய் கூடியதா? ஒருமுறையாவது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்ததா? வந்திருந்து, எண்ணும் 300 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. ஈசினோஃபில் 350, ஆனால் ஆண்டு முழுக்கத் தாக்குதலே இல்லை, மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால், அவருக்கு முதலில் வேண்டியது விரிப்பான்கள் இரண்டும்தான். ஸ்டீராய்டு அல்ல. எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதுவது, அதைப் பார்க்காமலே எழுதுவதைப் போன்ற தவறுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் சி.ஓ.பி.டி. என்றதும் எழுதித் தரப்படுவது ஒரு விரிப்பானும் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்த இரட்டைக் கலவை. ஃபார்மோட்டெரால், புடெசோனைடு ஒரு ஜோடி. சால்மெட்டரால், ஃப்ளூட்டிக்கசோன் இன்னொரு ஜோடி. ஆஸ்துமாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட பழக்கம் இது. சி.ஓ.பி.டி.க்கு இந்த ஜோடியை 'கோல்டு' இப்போது ஊக்குவிப்பதில்லை. ஸ்டீராய்டு தேவையில்லாதவருக்கு இரண்டு விரிப்பான்கள், தேவைப்படுபவருக்கு இரண்டு விரிப்பான்களோடு ஸ்டீராய்டு என்பதுதான் இன்றைய நிலை. இரண்டாவது விரிப்பானான டையோட்ரோப்பியமோ கிளைக்கோபைரோனியமோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இரட்டைக் கலவையை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பவர், சி.ஓ.பி.டி.யில் முதலில் கிடைக்க வேண்டிய மருந்தில் பாதியைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி அந்த அறிக்கைக்கு வருவோம். கையில் ஒன்று இருந்தால் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஹீமோகுளோபின். அதன் கீழே மொத்த வெள்ளையணுக்கள், உதாரணத்துக்கு 8,200. அடுத்து நியூட்ரோஃபில், லிம்போசைட், ஈசினோஃபில், மோனோசைட் என்று சதவீதங்கள். ஈசினோஃபில் 4 என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 1 முதல் 6' என்று அச்சாகியிருக்கும். தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இல்லாததால் பார்ப்பவர் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். இப்போது 8,200-ஐ 4-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்துப் பாருங்கள், 328 வரும். அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு மருந்தையே மாற்ற வேண்டிய எண் அது. ஆய்வகத்தைப் பொறுத்தவரை 'நார்மல்'. சில ஆய்வகங்கள் ஏ.இ.சி. என்று நேரடி எண்ணிக்கையையே தருகின்றன. அங்கும் இயல்பின் மேல் எல்லை 440 அல்லது 500 என்று இருக்கும். 300-ஐத் தாண்டியதை எந்த இயந்திரமும் சிவப்பில் காட்டாது. இயல்பு அளவு என்பது நோயில்லாதவரை அளக்கும் கோல். சிகிச்சையைத் தீர்மானிக்கும் கோல் வேறு.

சதவீதம் மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இன்னொரு கணக்கு. ஒருவருக்கு வெள்ளையணு 5,000, ஈசினோஃபில் 5 சதவீதம். இன்னொருவருக்கு வெள்ளையணு 11,000, ஈசினோஃபில் 3 சதவீதம். முதலாமவருக்குத்தான் கூடுதல் என்று தோன்றும். பெருக்கிப் பார்த்தால் அவருக்கு 250, இரண்டாமவருக்கு 330. அலகைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். கன மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும் மைக்ரோலிட்டர் என்று போட்டிருந்தாலும் ஒன்றுதான். 0.33 என்று புள்ளி வைத்து வந்தால் 1,000-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எண் எப்படி வந்தது என்பதும் முக்கியம். சிறிய ஆய்வகங்களில் இருக்கும் '3 பார்ட்' இயந்திரத்துக்கு ஈசினோஃபிலைத் தனியாகப் பிரித்தறியத் தெரியாது. மோனோசைட், பேசோஃபில் எல்லாவற்றையும் சேர்த்து 'மிட்' என்று ஒரே கட்டில் கட்டிவிடும். அந்த அறிக்கையில் ஈசினோஃபில் சதவீதம் இருந்தால், டெக்னீஷியன் கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணியது என்று பொருள். வழக்கமாக எண்ணுவது 100 அணுக்கள். நூறில் மூன்று என்று எண்ணினால், உண்மையில் அது ஒன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். எண்ணியவர் மேல் குற்றமில்லை. நூறு என்பது சின்ன மாதிரி, அவ்வளவுதான். 300-ஐயும் 100-ஐயும் பிரித்துப் பார்க்க அந்தத் துல்லியம் போதாது. '5 பார்ட்' இயந்திரம் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணுகிறது. மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவுக்கு அதில் எடுத்த எண்தான் வேண்டும்.

ரத்தம் எடுத்த நேரம் அதைவிட முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஈசினோஃபில் தரையைத் தொட்டுவிடும். கடுமையான கிருமித் தொற்றிலும் அப்படித்தான். ஆனால் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு சி.பி.சி. எடுப்பது பெரும்பாலும் எப்போது? மூச்சுத்திணறி அவசரப் பிரிவுக்கு வந்த அன்று, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஏறிய பிறகு. அந்த அறிக்கையில் ஈசினோஃபில் 0 என்று இருப்பதை வைத்து, 'இவருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அது பெரும் பிழை. நோய் தணிந்து, ஸ்டீராய்டு மாத்திரை நின்று, குறைந்தது 4 வாரமாவது ஆன பின் எடுத்த எண்ணே நம்பத் தக்கது. அன்றாட ஏற்ற இறக்கமும் உண்டு. நம் உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோல் காலையில் ஏறுவதால், இரவில் உயர்ந்திருந்த ஈசினோஃபில் பகலில் இறங்கும். ஒருமுறை காலை 7 மணிக்கும் மறுமுறை நண்பகலிலும் ரத்தம் கொடுத்துவிட்டு, 'குறைந்திருக்கிறதே' என்று மகிழ்வதில் பொருளில்லை. ஏறக்குறைய ஒரே வேளையில், சில வார இடைவெளியில் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருப்பவர்களின் எண் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். 300-ஐ ஒட்டி இருப்பவர்களின் எண்தான் ஏறி இறங்கும். அங்கே ஒரே அறிக்கையை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது.

இவ்வளவும் எந்த நாட்டு நோயாளிக்கும் பொருந்தும். நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் தமிழ்நாட்டில் டீக்கடைவரை தெரிந்த சொல். மூக்கொழுகல், இருமல், இளைப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டி, யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையை விழுங்க வைப்பது இன்றும் முழுக்க ஒழியவில்லை. இந்தச் சொல் இங்கே வேரூன்றக் காரணம் உண்டு. அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்த மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் இல்லத்தில் பணியாற்றிய ஃபிரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய் போலவே தோற்றம் தந்து, காசநோய் அல்லாமல், ரத்தத்தில் ஈசினோஃபில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. யானைக்கால் புழுவின் நுண்புழுக்களுக்கு நுரையீரல் காட்டும் மிகை எதிர்வினையே அது என்று பின்னால் தெரிந்தது. அந்த நோயில் எண்ணிக்கை பொதுவாக 3,000-ஐத் தாண்டும், இருமல் இரவில் அதிகம் வாட்டும். டி.இ.சி. மாத்திரை 3 வாரம் கொடுத்தால் கேட்கும். சி.ஓ.பி.டி.யில் நாம் பேசும் 300, 400 என்பது வேறு அளவு, வேறு பொருள். 350-ஐப் பார்த்து டி.இ.சி. எழுதுவதும் தவறு, 3,500-ஐப் பார்த்து 'அப்படியானால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாக வேலை செய்யும்' என்று நினைப்பதும் தவறு.

குடல் புழுக்களும் இந்த எண்ணை ஏற்றிவிடும். கொக்கிப்புழு, உருளைப்புழு இருந்தால் 500, 800 என்று சாதாரணமாக வரும். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர், திறந்தவெளியில் மலம் கழிக்கும் பகுதியில் வசிப்பவர் என்றால் முதலில் மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் அல்பெண்டசோல் 400 மி.கி., பிறகு சில வாரம் விட்டு மறு எண்ணிக்கை. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு மட்டும் இதில் விதிவிலக்கு. அல்பெண்டசோல் ஒரு வேளைக்கு அது சாகாது. ஐவர்மெக்டின் வேண்டும். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. ஆண்டுக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து உள்ளே போனால் உடம்பெங்கும் பரவி ஆளையே கொல்லக் கூடியது. ஈசினோஃபில் ஏறியிருக்கும் கிராமத்து நோயாளிக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதுமுன் இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும். எண்ணிக்கை 1,500-ஐத் தாண்டினால் அது சி.ஓ.பி.டி.யின் வேலை என்று விட்டுவிடவே கூடாது. புழு, மருந்து அலர்ஜி, நுரையீரலில் பூஞ்சை அலர்ஜி, ரத்த நோய் என்று காரணம் தேட வேண்டும்.

காசநோய் அடுத்த சிக்கல். ஒருமுறை காசநோய் வந்து ஆறினவர்களின் நுரையீரலில் தழும்பும் அடைப்பும் மிஞ்சி, சி.ஓ.பி.டி. போலவே மூச்சு வாங்கும். மேலே சொன்ன பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் புகைத்தவர்கள். காசநோய்த் தழும்போடு இருப்பவரும், பீடியைத் தொட்டே பார்க்காமல் விறகுப் புகையில் நுரையீரலை இழந்த நம் கிராமத்துப் பெண்களும் அந்த ஆய்வுகளில் சொற்பம். ஆகவே 300 என்ற கோட்டை அவர்களுக்கு இழுக்கும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு எதிரான காரணங்களில் முன்பு வந்த காசநோயையும், திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவையும் 'கோல்டு' சேர்த்திருக்கிறது. இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் சளி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால், மருந்தின் அளவைக் கூட்டுமுன் சளியை காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு இன்ஹேலரில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் இதைப் படித்ததும் நாளைக் காலையில் குப்பியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நிறுத்த முறை இருக்கிறது. 2014-இல் வெளியான 'விஸ்டம்' ஆய்வில் கடுமையான சி.ஓ.பி.டி. உள்ள 2,485 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு விரிப்பான்களை நிறுத்தாமல், ஃப்ளூட்டிக்கசோனை மட்டும் ஒரு பகுதியினரிடம் நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராமிலிருந்து 500, அதிலிருந்து 200, பிறகு பூஜ்யம் என்று 6 வாரத்துக்கு ஒரு படியாக இறக்கினார்கள். மொத்தத்தில் தாக்குதல்கள் கூடவில்லை. ஊதும் திறன் மட்டும் ஓராண்டு முடிவில், ஸ்டீராய்டைத் தொடர்ந்தவர்களைவிட 43 மில்லி லிட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. பிறகு ரத்த எண்ணிக்கைப்படி பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே மறைந்திருந்தது வெளியே வந்தது. ஈசினோஃபில் 300-க்கு மேல் இருந்து முன்பே அடிக்கடித் தாக்குதல் கண்டவர்களுக்கு, நிறுத்திய பின் தாக்குதல்கள் கூடின. இதனால்தான் ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கம் 2020-இல், 300-க்கு மேல் இருந்தால் நிறுத்த வேண்டாம் என்றும், அதற்குக் கீழே இருந்து அடிக்கடித் தாக்குதலும் இல்லையென்றால் விரிப்பான்களைத் தொடர்ந்துகொண்டே நிறுத்திப் பார்க்கலாம் என்றும் பரிந்துரைத்தது. நிமோனியா வந்து மீண்டவர், எண் 100-க்குக் கீழே இருப்பவர், ஆஸ்துமா சாயலே இல்லாதவர் ஆகியோர் மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் எழுப்ப வேண்டும். நிறுத்திய பின் முதல் சில மாதங்கள் நெருங்கிக் கவனிப்பதும் சேர்ந்ததுதான் இந்த முறை.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவது சி.ஓ.பி.டி.யில் பெரும்பாலும் நிமோனியாவைத்தான் கூட்டுகிறது. ஃப்ளூட்டிக்கசோன் புரோப்பியோனேட் 250 மைக்ரோகிராம் காலை, மாலை என்பதைத் தாண்டி 500-க்குப் போவதால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். 'ஈதோஸ்' ஆய்வில் புடெசோனைடை வேளைக்கு 320, 160 மைக்ரோகிராம் என்று இரண்டு அளவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுத் தாக்குதல் 1.08, 1.07 என்று ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது.

எண்ணிக்கை 400 இருந்தும் பலனில்லை என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள்' என்பது. பொடி மருந்தை இழுக்கும் கருவியான ரோட்டாஹேலரில் கேப்சூலின் நிறமில்லாத முனை கீழே போகும்படி சதுரத் துளையில் அழுத்திச் செருகி, அடிப்பாகத்தை நின்றுவிடும்வரை திருக வேண்டும். கேப்சூல் இரண்டாகப் பிரிந்து பொடி உள்ளே கொட்டும். மூச்சை வெளியே, கருவிக்குள் அல்ல, முழுக்க விட்டுவிட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். பிறகு கருவியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்சுவரில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தால் மீண்டும் ஒருமுறை இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் கையால் கேப்சூலைத் தொட்டாலும், கழுவிய கருவி சரியாகக் காயாவிட்டாலும் பொடி கட்டி தட்டி நெஞ்சுக்குள் போகாது. வேகமாக இழுக்கத் தெம்பில்லாத முதியவருக்கு இந்தக் கருவியே பொருந்தாது. அவருக்கு ஸ்பேசர் என்ற குடுவை மாட்டிய பம்ப்தான் சரி. பம்ப்புக்கு எதிர்மாறான விதி. குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரே அழுத்து, நாலைந்து நொடி நிதானமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு அழுத்துகளைச் சேர்த்து ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுப்பது வீண். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி அப்படியே காய விட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும். எதில் இழுத்தாலும் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பாமல் விழுங்கிவிட்டு, நாக்கில் வெள்ளை படிந்து குரல் கம்மியதும் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்துபவர்கள் நிறையப் பேர்.

நோய் திடீரெனக் கூடிய நாட்களிலும் இந்த எண் உதவத் தொடங்கியிருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, பிறகு ஈசினோஃபில் 300-ஐ எட்டிய நாட்களில் மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமான 5 நாளுக்குப் பதில் 2 நாளில் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே நலமாகக் கழிந்த நாட்களில் குறைவில்லை. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊரில் இதன் அருமை சொல்லத் தேவையில்லை. சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதற்கு சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை கைகொடுக்கிறது. பிரிட்டனில் அதைப் பார்த்து எழுதியபோது ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் 77 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகக் குறைந்தார்கள், நோயாளிகளுக்குப் பாதகமில்லை. 300-க்கு மேல் இருந்து, மூன்று மருந்துக் கலவைக்கும் அடங்காதவர்களுக்கு டூபிலுமேப் போன்ற ஊசிகள் 2024 முதல் சில நாடுகளில் அனுமதி பெற்றிருக்கின்றன. விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரம். ஆகவே இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, இதைப் படிக்கும் ஆய்வக நடத்துநர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவில்லாத இரண்டு வேண்டுகோள். சி.பி.சி. அறிக்கையில் ஈசினோஃபில் சதவீதத்தின் பக்கத்திலேயே நேரடி எண்ணிக்கையையும் அச்சிடுங்கள், இயந்திரத்தில் எடுத்ததா தகட்டில் எண்ணியதா என்பதோடு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், ஸ்டீராய்டு மாத்திரை முடியும் தேதியையும், அதிலிருந்து 4 வாரம் கழித்து எந்த நாளில் சி.பி.சி. எடுக்க வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நோயாளிகளும் பழைய அறிக்கைகளைக் கிழித்துப் போடாமல் தேதி வாரியாக அடுக்கி, இன்ஹேலரையும் அதே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய் மருத்துவர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)